வீட்டுப் பாட்டுக் களஞ்சியம்: வாசகர் கேள்வி பதில்

ஸ்ட்ரீமிங் சேவைகளை நம்பியிராமல், பாடல்களைச் சொந்த ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து, வீட்டிலேயே ஒரு சிறு சர்வர் (பாடல்களை வைத்திருந்து கைப்பேசி போன்ற கருவிகளுக்கு அனுப்பும் கணினி) வைத்துக் கேட்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மாதச் சந்தா கட்டித்தான் பாட்டுக் கேட்கிறேன். பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பட்டியலில் சில பாடல்கள் திடீரென்று மங்கிவிட்டன; தொட்டாலும் பாடுவதில்லை. சொந்தமாகச் சர்வர் வைத்துக்கொள்வதுதான் வழி என்கிறான் என் மகன். செலவு குறையுமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: மங்கிய பாடல்கள் பெரும்பாலும் உரிமம் முடிந்துபோன பாடல்களே. இசை நிறுவனத்துக்கும் சேவைக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் அந்த நிறுவனத்தின் பாடல்கள் உங்கள் பட்டியலிலிருந்தும் விடைபெற்றுவிடும். சில வேளைகளில் சேவையே விடைபெறும். கூகுள் பிளே மியூசிக் 2020இல் மூடப்பட்டது. ரெஸ்ஸோ 2024 ஜனவரி 31ஆம் தேதியோடு இந்தியாவில் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. செயலிக்குள் டவுன்லோடு செய்து வைத்திருக்கிறோமே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அவை பூட்டிட்ட கோப்புகள். சந்தா நின்றால் திறக்கமாட்டா.

இருந்தாலும், செலவு குறையும் என்று எண்ணி இதில் இறங்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும், குறுந்தகடோ டிஜிட்டல் பிரதியோ விலை கொடுத்து வாங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். வாரந்தோறும் வெளியாகும் புதுப் பாடல்களைக் கேட்பவருக்கு இது ஒத்துவராது. அவற்றில் பெரும்பாலானவை குறுந்தகடாக வெளிவருவதே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கும் பாடல்கள் இன்னவை என்று ஏற்கெனவே தெரிந்துகொண்டவர்களுக்கே களஞ்சியம் பயன்படும். அத்தகையவர்களும் சந்தாவை உடனே நிறுத்தத் தேவையில்லை. புதியதைத் தேடிக் கேட்க அது இருக்கட்டும், பிடித்ததை வைத்துக்கொள்ள இது இருக்கட்டும்.

கேள்வி: இதற்கு எத்தகைய கணினி தேவை? இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் மின் கட்டணம் எகிறிவிடாதா?
— வாசகர், ஈரோடு

பதில்: பாட்டுச் சர்வருக்குப் பெரிய கணினி தேவையில்லை. நேவிட்ரோம் என்னும் இலவச மென்பொருள் ராஸ்பெர்ரி பை 4 போன்ற கையகலக் கணினிப் பலகையிலேயே தாராளமாக ஓடும். திரைப்படங்களையும் சேர்த்து வைக்க விரும்புவோர் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளை நாடலாம். பாட்டுக்கு மட்டும் என்றால் என் தேர்வு நேவிட்ரோம்தான். அது பாட்டுக் கோப்புகளைப் படிக்குமேயன்றி அவற்றில் கைவைக்காது. சர்வரும் செயலியும் பேசிக்கொள்வதற்கான சப்சோனிக் என்ற பொது முறையைப் பின்பற்றுவதால், ஆண்ட்ராய்டில் சிம்ஃபோனியம், ஐபோனில் ஆம்பர்ஃபை என்று பல செயலிகள் அதனோடு இணைந்து பாடும்.

பலகையும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து ஏறத்தாழ 8 வாட் இழுப்பதாகக் கொண்டால், இரண்டு மாதக் கணக்கில் 12 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினி 15 வாட் இழுத்தால் அதே காலத்தில் 22 யூனிட் வரும். அப்படியிருந்தும் நம் ஊர்களுக்கு மடிக்கணினியே மேல் என்பேன். மின்சாரம் சட்டென்று போனால் பலகையின் எஸ்டி கார்டு கெட்டுப்போகக்கூடும்; மடிக்கணினியிலோ பேட்டரி இருக்கிறது. அந்தப் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேவிட்ரோமை நிறுவிவிட்டேன். ஆனால் ஒரு படத்தின் ஆறு பாடல்கள் நான்கு ஆல்பங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. பாடகர் பட்டியலோ தலைசுற்ற வைக்கிறது. ஃபோல்டர்களை ஒழுங்காகத்தான் அடுக்கியிருக்கிறேன். எங்கே தவறு?
— வாசகர், மதுரை

பதில்: ஃபோல்டரில் தவறில்லை, நேவிட்ரோம் ஆல்பங்களைப் பிரிக்க ஃபோல்டரை நம்புவதில்லை. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் பாடலின் பெயர், ஆல்பம், பாடியவர், ஆண்டு என்று எழுதி வைக்கப்பட்டிருக்கும் டேக்குகளைத்தான் அது படிக்கிறது. இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும், ஓர் ஆல்பம் என்றால் முழுவதும் ஒரே கலைஞர் பாடியது என்ற மேலைநாட்டு வழக்கத்தை மனத்தில் வைத்து உருவானவை. தமிழ்த் திரைப்பட ஆல்பத்தில் பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுவதால், 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற டேக் காலியாக இருந்தால் பாடகரைப் பார்த்து ஆல்பத்தைத் துண்டாடிவிடுகின்றன. ஆகவே ஒரு படத்தின் எல்லாப் பாடல்களுக்கும் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' இடத்தில் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் நிரப்புங்கள். 'ஆர்ட்டிஸ்ட்' இடத்தில் பாடியவர்களும், 'கம்போஸர்' இடத்தில் மீண்டும் இசையமைப்பாளரும், 'லிரிசிஸ்ட்' இடத்தில் பாடலாசிரியரும் வரட்டும். விண்டோஸில் எம்பி3டேக் என்னும் மென்பொருளில் ஆறு கோப்புகளையும் ஒருசேரத் தேர்ந்து ஒரே தட்டலில் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' இடத்தை நிரப்பிவிடலாம். பிறகு நேவிட்ரோமில் மறுபடி ஸ்கேன் கொடுத்தால் படம் ஒன்றுசேர்ந்துவிடும்.

பாடகர் பட்டியலின் குழப்பம் வேறு வகை. எஸ். பி. பாலசுப்ரமணியம் என்று ஒரு கோப்பிலும் எஸ்பிபி என்று இன்னொன்றிலும் இருந்தால், கணினிக்கு அவர்கள் இருவர். யேசுதாஸும் ஜேசுதாஸும் அப்படியே. இவற்றோடு ஆங்கில எழுத்துக்கூட்டல்களும் சேரும்போது ஒரே பாடகர் ஆறேழு பேராகப் பெருகிவிடுவார். தமிழிலா ஆங்கிலத்திலா என்று முதலிலேயே முடிவுசெய்து, அந்த முடிவிலிருந்து பிறழாதிருப்பதே வழி. தமிழில் வைப்பதே என் விருப்பம். ஆனால் காரில் உள்ள பிளேயரில் தமிழ் எழுத்து கட்டங்கட்டமாகத் தெரிகிறதா என்று ஒரு பாடலை வைத்துச் சோதித்த பிறகு முடிவுசெய்யுங்கள். இருவர் சேர்ந்து பாடியதைக் காற்புள்ளியிட்டு ஒரே பெயராக எழுதிவிடாமல், தனித்தனி மதிப்புகளாகப் பதியுங்கள். அப்போதுதான் இருவர் பெயரின் கீழும் அந்த டூயட் வரும்.

எம்பி3 குறுந்தகடுகள் கோலோச்சிய காலத்துக் கோப்புகளில் இன்னொரு தொல்லை உண்டு. ஆல்பம் பெயருக்குப் பின்னால் ஏதோ ஓர் இணையதளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அட்டைப்படத்திலும் அதே முத்திரை. இதனால் ஒரே படம் இரண்டு ஆல்பமாகத் தெரியும். எம்பி3டேக்கில் தேடி மாற்றும் வசதியால் அவற்றை மொத்தமாகக் களையலாம். பாடலின் ஒலியைக் கேட்டே அடையாளங்காணும் மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் என்ற மென்பொருளும் இருக்கிறது. மேலைநாட்டு இசைக்கு அது கைகொடுக்கும் அளவுக்குப் பழைய தமிழ்ப் பாடல்களுக்குக் கைகொடுப்பதில்லை. அது சொல்வதை அப்படியே ஏற்றுச் சேமித்துவிடாமல், ஒவ்வோர் ஆல்பமாகப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள்.

கர்நாடக இசையில் இலக்கணமே மாறும். அங்கே பாடகரோ வாத்தியக் கலைஞரோதான் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட். கம்போஸர் இடத்தில் சாகித்யகர்த்தா. ராகத்துக்கென்று தனி இடம் கிடையாது என்பதால், பாடல் தலைப்பிலேயே கிருதியின் பெயருக்குப் பின் ராகத்தையும் தாளத்தையும் எழுதிவிடுவது எந்தச் செயலியிலும் வேலைசெய்யும். தேடல் கட்டத்தில் கல்யாணி என்று தட்டினால் கல்யாணிகள் எல்லாம் வந்து நிற்கும்.

கேள்வி: என்னிடமுள்ள 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்புகளை ஃப்ளாக்காக மாற்றினால் தரம் கூடுமா?
— வாசகர், திருச்சி

பதில்: கூடாது, கோப்பின் எடைதான் கூடும். ஃப்ளாக் என்பது ஒலியை இழப்பின்றி ஒடுக்கி வைக்கும் கோப்பு வடிவம். எம்பி3 ஆக்கும்போது தூக்கி எறியப்பட்ட ஒலி திரும்பி வராது. குறுந்தகடு உங்களிடம் இருந்தால் அதிலிருந்து நேரே ஃப்ளாக் எடுங்கள். குறுந்தகட்டின் ஒலி, நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல் என்ற கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும்; ஃப்ளாக் அதில் ஒரு பிட்டையும் இழக்காமல் ஏறத்தாழப் பாதியாக ஒடுக்கிவிடும். வட்டு ஒன்றுக்கு 300 எம்பி என்று வைத்தாலும் 300 வட்டுகள் 90 ஜிபிக்குள் முடிந்துவிடும். எடுப்பதற்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அதே வட்டைப் பிறர் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டுப் பிழையிருந்தால் சொல்லும் வசதி அதில் உண்டு. உங்கள் வட்டு அந்தத் தொகுப்பில் இல்லாவிட்டால், இருமுறை படித்து ஒப்பிடச் சொல்லலாம்.

கேள்வி: என் தந்தையார் கோயில் கச்சேரிகளைப் பதிந்து வைத்த கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இவற்றையும் களஞ்சியத்தில் சேர்க்க முடியுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

பதில்: ஐயா, முதலில் சேர்க்க வேண்டியவையே அவைதான். திரைப்பாடல் இன்றில்லாவிட்டால் நாளை வேறெங்காவது கிடைக்கும். தங்கள் தந்தையார் பதிந்த கச்சேரிக்கு வேறு பிரதி இருக்க வாய்ப்பில்லை.

கேசட்டைப் போடுவதற்கு முன் அதன் வாய்ப்பக்கம் பாருங்கள். நாடாவுக்குப் பின்னால் மெல்லிய உலோகப் பட்டையில் ஒரு சிறு பஞ்சுத் திண்டு ஒட்டப்பட்டிருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கித் தேய்ந்து கேட்கும். நாடா கெட்டுவிட்டதாக நினைத்துவிட வேண்டாம். திருகாணி போட்ட வேறொரு நல்ல கேசட்டைத் திறந்து, நாடாவை மட்டும் அதற்குள் மாற்றிவிடலாம். பிறகு கடைசிவரை ஒருமுறை முன்னோட்டி, மறுபடி பின்னோட்டுங்கள். ஆண்டுக்கணக்கில் இறுகியிருந்த நாடா தளரும்.

அடுத்தது, நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட். பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்த பின், பாடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்டின் ஓரத்திலுள்ள சிறு திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பாருங்கள். மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்களும் வயலினின் மேல்ஸ்தாயியும் எந்த இடத்தில் மிகத் தெளிவாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். வேறு வேறு கருவிகளில் பதிவான கேசட்டுகளுக்கு இந்த இடம் வேறு வேறாக இருக்குமாதலால், கேசட்டுக்குக் கேசட் இதைச் செய்ய வேண்டியிருக்கும். பின்னர் எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாதது இதுதான்.

மடிக்கணினியின் மைக் துளையில் நேராகச் செருகாதீர்கள். பெரும்பாலும் அது ஒற்றைச் சேனல். லைன் உள்ளீடு உள்ள யுஎஸ்பி ஆடியோ கருவி ஒன்றை வாங்கி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 24 பிட்டில், உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி பதியுங்கள். அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் ஆகத்தான் செய்யும். இதில் குறுக்குவழி கிடையாது. இரைச்சல் நீக்குவதை ஒரு பிரதியில் செய்துகொண்டு, மூலப் பதிவைத் தொடாமல் வையுங்கள். அளவுமீறி இரைச்சல் நீக்கினால் தம்புராவும் சேர்ந்து போய்விடும். உறைக்குள் இருக்கும் அட்டையில் தந்தையார் கையெழுத்தில் ஊர், தேதி, பக்கவாத்தியக்காரர் பெயர்கள் இருந்தால் அதைப் படமெடுத்து ஆல்பத்தின் அட்டைப்படமாகவே வைத்துவிடலாம்.

கேள்வி: வீட்டு வைஃபையில் பாடுகிறது, வெளியே போனால் பாடவில்லை. ரூட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை. சிங்கப்பூரிலுள்ள தம்பியும் கேட்க வழியுண்டா? சட்டப்படி இது சரியா?
— வாசகர், காரைக்குடி

பதில்: நம் இணைய நிறுவனங்கள் பலவும் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்திவிடுகின்றன, ஆகவே ரூட்டரில் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் வீடு வரை வராது. சர்வரிலும் கைப்பேசியிலும் டெயில்ஸ்கேல் என்ற தனிவலை மென்பொருளை நிறுவிக்கொண்டால் இரண்டும் ஒரே வலையில் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும். உலகுக்கே கதவைத் திறந்து வைப்பதைவிட இது பாதுகாப்பும்கூட. மொபைல் டேட்டாவில் கேட்கும்போது ஓபஸ் என்ற ஒடுக்கு வடிவத்தில் 128 கேபிபிஎஸ் என்று செயலியில் அமைத்தால் நிமிடத்துக்கு ஒரு எம்பி அளவுதான் செலவாகும்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலுக்கு இடமளிக்கிறது. விலைகொடுத்து வாங்கிய வட்டைத் தாங்கள் கேட்பதற்காகப் பிரதி எடுப்பது அதற்குள் வரும் என்பதே என் புரிதல். தம்பிக்குத் திறந்துவிடும்போது அந்த எல்லை தளர்கிறது. நண்பர் வட்டத்துக்கே கடவுச்சொல் கொடுத்தால் அதைத் தனிப்பட்ட பயன்பாடு என்று சொல்ல முடியாது. கச்சேரிக் கேசட்டுகளில் பாடியவருக்கும் உரிமை உண்டு என்பதை மன்னார்குடி ஆசிரியரும் கவனத்தில் கொள்ளலாம்.

கேள்வி: இரண்டு ஹார்ட் டிஸ்க்கை ரெய்டில் இணைத்திருக்கிறேன். தனியாகப் பேக்கப் வேண்டுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேண்டும். இரு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதி வைக்கும் ரெய்டு, ஒரு டிஸ்க் பழுதானால்தான் காப்பாற்றும். கைதவறி ஓர் ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். டேக்குகளைத் தவறாக மாற்றினாலும் இரண்டிலும் மாறும். மூன்றாவது டிஸ்க் ஒன்றில் மாதம் ஒருமுறை பிரதி எடுத்து, அதை வேறொரு வீட்டில் வையுங்கள். பாடல்களோடு நேவிட்ரோமின் தரவுக் கோப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும்; விருப்பப் பாடல்கள், பட்டியல்கள், எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஃப்ளாக் கோப்புகளுக்குள் மூல ஒலியின் சரிபார்ப்பு எண் பதிந்திருப்பதால், ஃப்ளாக் மென்பொருளின் சோதனைக் கட்டளையை ஆண்டுக்கொருமுறை பேக்கப் டிஸ்க்கின் மீது ஓட்டினால், கெட்டுப்போன கோப்பு எதுவென்று அதுவே சொல்லிவிடும். அதை மட்டும் மற்ற பிரதியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.