கார்டு விலை விழும்போது விற்பதா, வைத்திருப்பதா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பொருளாதாரம் சரிந்தால், விளையாட்டு வீரர்களின் படம் போட்டுச் சேகரிப்பவர்கள் வாங்கி விற்கும் ஸ்போர்ட்ஸ் கார்டு விலையும் கூடவே விழும் என்கிறார்கள். ஆனால் 2020-இல் எல்லாம் முடங்கிக் கிடந்தபோது விலை ஏறியதே, எப்படி?

பதில்: கார்டு வாங்குவது வாடகை, மளிகை, கடன் தவணை எல்லாம் போக மிஞ்சும் காசில்தான். அந்தக் காசு வற்றினால் விலை விழும், வற்றாவிட்டால் செய்தியில் என்ன சொன்னாலும் விழாது. 2020-இல் அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் வேலை இழந்தது உண்மைதான், ஆனால் வேலை தப்பித்தவர்களுக்குப் பயணச் செலவு இல்லை, வெளியே சாப்பிடும் செலவு இல்லை, அரசாங்கமும் உதவித்தொகை கொடுத்தது, போட்டிகள் நின்றுபோயிருந்த ஏப்ரல், மே மாதங்களில் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் பற்றிய ஆவணத் தொடர் வேறு வந்து பழைய ஆசையைக் கிளப்பிவிட்டது. 2021 ஜனவரி கடைசியில் ஃபிளீர் கம்பெனி 1986-இல் வெளியிட்ட ஜோர்டனின் ரூக்கி கார்டு (வீரரின் ஆரம்பகாலக் கார்டு), கார்டின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் உச்ச கிரேடான 10 பெற்றது, 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. அடுத்த ஓராண்டுக்குள் அதே கிரேடு கார்டு அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இத்தனைக்கும் அந்த நேரத்தில் பொருளாதாரம் மீண்டுகொண்டிருந்தது! மக்கள் வெளியே போக ஆரம்பித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பெருமந்த காலத்தையும் பாருங்கள். 1933-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த வருஷம்தான் கௌடி என்ற பபிள்கம் கம்பெனி ஒரு சென்ட் பாக்கெட்டுக்குள் பேஸ்பால் கார்டு வைத்து விற்றது, பிள்ளைகளும் வாங்கினார்கள். அந்த வரிசையில் 106-ஆம் எண் கார்டை மட்டும் கம்பெனி அந்த வருஷம் வெளியிடவே இல்லை. கேட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு அந்த எண்ணில் பேஸ்பால் வீரர் நெப்போலியன் லஜோயின் கார்டை 1934-இல் அச்சடித்து அனுப்பினார்கள், இன்று அந்த வரிசையிலேயே கிடைப்பதற்கு அரிதானது அதுதான். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சந்தோஷத்தை மக்கள் கடைசியில்தான் விடுகிறார்கள். அடி வாங்குவது நடுத்தரம், அதாவது சில நூறு டாலர் விலையுள்ள கார்டுகள். மாதச் சம்பளக்காரர் யோசித்து வாங்குவது அவற்றைத்தான், முதலில் நிறுத்துவதும் அவற்றைத்தான்.

கேள்வி: உச்சத்தில் இருக்கிற கார்டுகளை மந்தம் தொடவே தொடாதா?

பதில்: தொடும், ஆனால் உடனே தெரியாது. அவற்றின் சொந்தக்காரருக்கு விற்கும் அவசரம் வராது, நல்ல விலை இல்லையென்றால் ஏலத்துக்கே கொண்டுவர மாட்டார். விற்பனை நடக்காததால் சரிவும் பதிவாகாது. 2022-இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனது, புதிய வீரர்களின் கார்டுகள் தேய்ந்துகொண்டிருந்தன. அந்த வருஷ ஆகஸ்டில்தான், டாப்ஸ் கம்பெனி 1952-இல் வெளியிட்ட பேஸ்பால் வீரர் மிக்கி மேண்டில் கார்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அந்த எண்ணைப் பார்த்து உங்கள் பெட்டியில் இருப்பதற்கு விலை போடாதீர்கள். அது வேறு சந்தை.

கேள்வி: 2021-இல் கூடைப்பந்து கார்டுகள் நிறைய வாங்கினேன். இப்போது வேலை போய்விட்டது. எல்லாவற்றையும் உடனே விற்றுவிடவா?

பதில்: வருத்தமாக இருக்கிறது. முதலில், கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்று எழுதிப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் பணம் வேண்டும் என்றால் இன்றே ஆரம்பியுங்கள், ஏனென்றால் வாடகைக்கு முதல் நாள் விற்பவருக்குக் கிடைக்கும் விலை மோசமானது, வாங்குபவர் அந்த அவசரத்தை மோப்பம் பிடித்துவிடுவார். ஆனால் மொத்தமாகக் கொட்டவும் வேண்டாம். இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களின் கார்டுகளை முதலில் விடுங்கள், ஒரு காயம் போதும், விலை போய்விடும். ஓய்வுபெற்ற பெரிய வீரர்களின் கார்டுகள் காத்திருக்கலாம்.

விலை பார்க்கும்போது மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தேடலாம், அதிலும் கடந்த சில வாரங்களை மட்டும் எடுங்கள், போன வருஷ விலை இப்போது உதவாது. கமிஷன் சுமார் 13 சதவீதம், தபால் செலவு தனி, இதைக் கழித்த பிறகு வருவதுதான் உங்கள் பணம். வாங்க ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில் குறைந்தபட்ச விலை வைக்காமல் ஏலம் விடுவது ஆபத்து. நிலையான விலை போட்டு, பேரத்துக்கு இடம் கொடுங்கள். சிறிய கார்டுகளை ஒன்றாகக் கட்டி ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிடுங்கள். அவர் குறைத்துத்தான் கேட்பார், மந்தத்தில் இன்னும் குறைப்பார், அவரிடமும் சரக்கு தேங்கியிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொன்றாகப் பொதி செய்து அனுப்பும் உழைப்பு மிச்சம். சீசன் தொடங்கும் அக்டோபர் வரை தாக்குப்பிடிக்க முடிந்தால் கூடைப்பந்துக்கு அது நல்ல நேரம். கிரெடிட் கார்டில் கடன் வாங்கித் தாக்குப்பிடிக்க மட்டும் வேண்டாம், அந்த வட்டி வேகத்துக்கு எந்தக் கார்டும் ஏறாது. அப்புறம், 2021-இல் நீங்கள் கொடுத்த விலையை மறந்துவிடுங்கள். கஷ்டம்தான், தெரியும்.

கேள்வி: விற்கும் முன் கிரேடிங் செய்தால் கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: கட்டணத்தையும் காத்திருப்பையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 9 கிரேடு வந்தாலும் நஷ்டமில்லை என்றால் அனுப்பலாம். 10 வந்தால்தான் லாபம் என்றால் வேண்டாம். 2021 மார்ச்சில் குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ பெரும்பாலான சேவைகளையே நிறுத்தி வைத்தது. சூடான சந்தையில் அனுப்பிய பலருக்கு, கார்டு திரும்பி வந்தபோது சந்தை ஆறிப்போயிருந்தது.

கேள்வி: பிரிக்காத 1990 பேஸ்பால் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறேன். பொருளாதாரம் நிமிர்ந்தால் விலை ஏறுமா?

பதில்: ஏறும் என்று நம்பி வைத்திருக்க வேண்டாம். 80-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள், வாங்கியவர்கள் எல்லோரும் உங்களைப் போலவே பத்திரப்படுத்தினார்கள். 1994 ஆகஸ்டில் பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து, அந்த வருஷ இறுதிப் போட்டியான உலகத் தொடரே ரத்தானபோது ரசிகர்களும் விலகினார்கள். அமெரிக்கப் பொருளாதாரம் நன்றாக வளர்ந்துகொண்டிருந்த வருஷங்களிலேயே அந்தக் கார்டுகள் எழுந்திருக்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். அடுக்கில் அப்பர் டெக் கம்பெனியின் 1989 பெட்டி ஏதாவது இருந்தால் மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அதில் முதல் எண்ணாக வந்த, பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் ரூக்கி கார்டுக்கு, முனை மழுங்காமல் இருந்தால், இன்றும் வாங்க ஆள் உண்டு.