ராபின்ஸா, லூதன்ஸா?

பொறியியல் முடித்து எம்.பி.ஏ. சேர்ந்திருக்கிறீர்கள், நிறுவன நடத்தையியலுக்கு (வேலையிடத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றிய பாடம்) ஒரே ஒரு புத்தகம் வாங்கத்தான் பணம் இருக்கிறது, ராபின்ஸ் எழுதிய பாடநூலை வாங்குவதா, லூதன்ஸ் எழுதியதை வாங்குவதா என்கிறீர்கள். சரி, ராபின்ஸ், ஜட்ஜ் எழுதியதை வாங்குங்கள். நீஹாரிகா வோராவும் சேர்ந்து எழுதிய இந்தியப் பதிப்பாகப் பார்த்துக் கேளுங்கள். தனிமனிதர், குழு, நிறுவனம் என்று படிப்படியாகப் போவதால் இந்தப் பாடத்துக்குப் புதியவர்களும் தடுமாற மாட்டார்கள். பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தால் தாராளமாக எடுங்கள்; ஊக்கக் கோட்பாடுகளைத் தந்த மாஸ்லோ, ஹெர்ஸ்பெர்க், வ்ரூம் எல்லாம் அதிலும் இருப்பார்கள். லூதன்ஸ் ஆய்வு ஆதாரங்களுக்கு அழுத்தம் தருபவர், அவரை நூலகத்தில் படித்துக்கொள்ளலாம்.

அப்புறம், எந்தப் புத்தகமானாலும் ஊக்கம் பற்றிய அத்தியாயத்தை முதலில் புரட்டுங்கள். மனிதத் தேவைகளை அடிப்படையிலிருந்து மேலே அடுக்கும் மாஸ்லோவின் தேவைப் படிநிலைக்கு ஆய்வு ஆதாரம் குறைவு என்று சொல்லாமல், பிரமிடு படத்தோடு நிறுத்திவிட்டால் அதை வாங்காதீர்கள்.