வாசகர் கேள்வி: பத்து நொடியில் விழும் தேனீ

கேள்வி: என் மகன் கைபேசியில் ஒரு தேனீ விளையாட்டை ஓயாமல் ஆடுகிறான். திரையைத் தொட்டால் தேனீ எழும்புகிறது, விட்டால் விழுகிறது; தூண்களின் இடைவெளியில் நுழைந்து போக வேண்டும், அவ்வளவுதான். பத்து நொடிகூடத் தாங்காமல் தோற்றாலும் உடனே மறுபடி தொடங்கிவிடுகிறான். இதில் அப்படி என்னதான் இருக்கிறது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அது ‘ஃபிளாப்பி பேர்ட்’ விளையாட்டின் வழிவந்ததாக இருக்க வேண்டும். வியட்நாமின் ஹனோயைச் சேர்ந்த டோங் நுயென் 2013 மே மாதத்தில் வெளியிட்ட அந்த விளையாட்டு, சில மாதங்கள் சீந்துவாரின்றிக் கிடந்து, 2014 தொடக்கத்தில் பல நாடுகளில் பதிவிறக்கப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. விளம்பரங்களால் நாளொன்றுக்கு 50,000 டாலர் கிடைப்பதாகச் செய்தி வெளியான நிலையிலும், அந்தப் பரபரப்பைத் தாங்க முடியவில்லை என்று சொல்லி அவரே பிப்ரவரியில் அதை நீக்கிவிட்டார். காலியான இடத்தைப் பிடிக்கத் தேனீ, மீன் என்று எதையெதையோ பறக்கவிட்டு நகல்கள் குவிந்தன.

இவ்வகை விளையாட்டுகளில் தேனீ முன்னே போவதே இல்லை. தூண்கள்தாம் வலமிருந்து இடமாக நகர்கின்றன. தொடாமல் விட்டால் விழும் வேகம் கணத்துக்குக் கணம் கூடும். தொட்டவுடன், அதுவரை சேர்ந்த வேகம் முழுவதும் அழிந்து, எப்போதும் ஒரே அளவான மேல்நோக்கிய வேகம் கொடுக்கப்படும். ஆகவே அழுத்தித் தொடுவதாலோ மெல்லத் தொடுவதாலோ எதுவும் மாறாது. எப்போது தொடுவது என்பது மட்டுமே ஆடுபவர் கையில் இருக்கிறது. உயரத்தில் ஓர் இடைவெளியும் அடுத்து மிகத் தாழ்வாக ஒன்றும் வரும்போதுதான் பெரும்பாலோர் மோதுகிறார்கள். கீழே இறங்கத் தனிப் பொத்தான் கிடையாது, சும்மா இருப்பதுதான் வழி. பதறிய விரலோ சும்மா இருப்பதில்லை. (சித்தர்கள் சொல்லிக் கேட்காதவர்கள் இங்கே கற்றுக்கொள்ளலாம்.) தோல்விக்கு விளையாட்டைக் குறைசொல்ல இடமில்லாததாலும், மறு ஆட்டம் ஒரே தொடுதலில் தொடங்கிவிடுவதாலும், ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்ற எண்ணம் விடாமல் இழுக்கிறது.

கேள்வி: உண்மையான தேனீயும் இப்படி எம்பி எம்பித்தான் பறக்குமா என்று அவன் கேட்கிறான்.

பதில்: இல்லை. தேனீ நொடிக்கு ஏறத்தாழ 230 முறை இறக்கையடிப்பதால், ஓர் அடிப்புக்கும் மறு அடிப்புக்கும் இடையே விழுவதற்கு நேரமே இருப்பதில்லை. இடைவெளியில் நுழையும் விதமும் வேறு. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் மாண்டயம் ஸ்ரீனிவாசன் குழுவினர், சுவர்களில் கோடுகள் வரைந்த குறுகிய பாதையில் தேனீக்களைப் பறக்கவிட்டபோது, இரு கண்களுக்கும் சுவர்கள் ஒரே வேகத்தில் பின்னோக்கி ஓடுவதாகத் தோன்றும்படி அவை நடுவிலேயே சென்றன. தேனீ போகும் திசையிலேயே ஒரு பக்கத்துக் கோடுகளையும் நகர்த்தினால், அந்தச் சுவர் தொலைவில் இருப்பதாக ஏமாந்து அதை நெருங்கிப் பறந்தன.

கேள்வி: ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் வரும் விளம்பரங்களை எப்படித் தவிர்ப்பது?

பதில்: இணையம் இல்லாமலே ஓடும் விளையாட்டு என்றால், டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள், பெரும்பாலும் விளம்பரம் வராது. பிளே ஸ்டோர் அமைப்புகளில், பணம் செலுத்தும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவைப்பதும் நல்லது.