“போகேக்கை இவவையும் கொண்டுதான் போவன்”

கேள்வி: ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட எங்கள் வீடு. அப்பாவுக்கு 76 வயது. பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடக்கும் அம்மாவை அவர்தான் பார்க்கிறார். கொஞ்ச நாளாக, “நான் போகேக்கை இவவையும் கொண்டுதான் போவன், பிள்ளையளுக்குப் பாரமில்லை” என்கிறார். பாசத்தில் சொல்கிறார் என்கிறார் லண்டனில் இருக்கும் அண்ணன். அம்மாவை வவுனியாவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விடலாமா?

பதில்: அண்ணனோடு நான் உடன்படவில்லை. பாசம் இருக்கட்டும். அந்தப் பேச்சுக்குள் ஒரு திட்டமும் இருக்கலாம் என்றே எடுங்கள்.

வயோதிபத் தம்பதியரில் ஒருவர் மற்றவரைக் கொன்று தானும் இறப்பது அரிது. அமெரிக்காவின் புளோரிடாவில் டொனா கோஹன் என்ற ஆய்வாளர் 1990களில் இத்தகைய சாவுகளை ஆராய்ந்தார். கொன்றவர் பெரும்பாலும் கணவன். பலர் நோயாளி மனைவியைப் பராமரித்தவர்கள், ஒருவரும் கவனிக்காத மனச்சோர்வோடு இருந்தவர்கள். சில வீடுகளில் முன்பே வன்முறையும் இருந்தது. இருவரும் பேசி எடுத்த முடிவு என்று ஊர் சொல்லும். மனைவி சம்மதித்ததற்கு அநேகமாக ஓர் அடையாளமும் இராது. ‘சாவிலும் இணைபிரியாத தம்பதி’ என்று தலைப்புப் போடுவதைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். அங்கே நடந்தது ஒரு கொலை.

ஆகவே இப்போது நோயாளியாகப் பார்க்கவேண்டியது அப்பாவையும்தான். எங்கள் பக்கத்து ஆண்கள் மனம் சரியில்லை என்று சொல்லமாட்டார்கள். நித்திரையில்லை, உடம்பு ஏலாது, சாப்பாடு இறங்கேல்லை என்பார்கள். காணி உறுதியை எடுத்துக் கொடுப்பது, மாட்டை விற்பது, கோயிலுக்குப் போவதை நிறுத்துவது எல்லாவற்றையும் கவனியுங்கள். வெளிநாட்டிலிருந்து காசு வரும், இரவில் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வராது.

நேராகக் கேளுங்கள்: “அப்பா, சாக யோசிக்கிறியளோ? அம்மாவையும் சேர்த்தோ?” கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. தற்கொலை முயற்சி 1998 இலிருந்து இலங்கையில் குற்றமல்ல. பொலிஸுக்குப் பயந்து அவர் மறைக்கத் தேவையில்லை.

பதில் எதுவாக இருந்தாலும், பூச்சிநாசினி, களைநாசினியை அன்றைக்கே வீட்டைவிட்டு அகற்றுங்கள். இடியன் துவக்கு கிடந்தால் அதுவும் அந்த வளவில் இருக்கக்கூடாது. அம்மாவின் குளிசைகளை நீங்கள் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இது சும்மா முன்னெச்சரிக்கை அல்ல. 1995 இல் இந்த நாட்டில் தற்கொலை வீதம் உச்சத்தில் இருந்தது. கொடிய விவசாய நஞ்சுகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அது பெருமளவு இறங்கியது. அந்தக் கணத்தில் கைக்கு எட்டாவிட்டால் பலர் பிழைக்கிறார்கள்.

இல்லத்தைப் பற்றி: அவசரப்படாதீர்கள். “அடுத்த கிழமை அம்மாவை ஏத்துறம்” என்று திடீரென அறிவிப்பது ஆபத்து. பிரித்துவிடப் போகிறார்கள் என்ற பயமே இப்படியான சாவுகளுக்கு முன்னால் பலமுறை இருந்திருக்கிறது. முதலில் அப்பாவுக்கு இரவில் நித்திரை கிடைக்க வழி பாருங்கள். அண்ணன் அனுப்பும் காசில் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைக்கலாம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் என்ன உதவி உண்டென்று கேளுங்கள். அப்பாவை மாவட்ட வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். “நித்திரைக்கு மருந்து எடுப்பம்” என்றால் வருவார். முதியவர்களின் மனச்சோர்வு வயதின் இயல்பு அல்ல, சிகிச்சையில் குறையும். நீங்களே பேச வேண்டுமென்றால் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

அம்மாவிடமும் தனியாகக் கேட்கவேண்டும். பேச்சு வராவிட்டாலும் தலையசைப்பா, கையை அழுத்துவா. அப்பாவை நினைத்துப் பயமா இருக்கா என்று கேளுங்கள். ஆம் என்றாலோ, அப்பா நாள், வழி என்று சொல்லத் தொடங்கினாலோ, மேலே சொன்ன நிதானம் எல்லாம் பிறகு. இருவரையும் தனியே விடாமல், அன்றிரவே ஓர் ஆள் அம்மாவோடும் ஓர் ஆள் அப்பாவோடும் இருக்க, 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.