“யாரிடமும் சொல்லாதேம்மா” என்கிறார் பாட்டி. என்ன செய்வது?

கேள்வி: முதியோர் இல்லத்தில் எட்டு மாதமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். படுக்கையில் இருக்கும் 82 வயதுப் பாட்டிக்கு மேற்கையின் உள்பக்கம் நான்கு சின்னக் கன்றல்கள். கேட்டால் “யாரிடமும் சொல்லாதேம்மா” என்கிறார். இரவுப் பணியில் இருப்பவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்கா. சந்தேகப்படவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கன்றல் இருக்கும் இடத்தைச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். தடுமாறி விழுந்தால் பெரும்பாலும் முழங்கை, முழங்கால், நெற்றி என்று எலும்பு முட்டும் இடங்களில்தான் அடிபடும். மேற்கையின் உள்பக்கம் விரல் பதிகிற இடம். அதற்காக அக்காவைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். அவசரமாகத் தூக்கியதாலும் இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசான பிடியே கன்றிவிடும். எது என்று துப்புத் துலக்குவது உங்கள் வேலை இல்லை. மேலதிகாரிகளிடம் சொல்வது உங்கள் வேலை.

ரகசியம் காப்பதாகப் பாட்டிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். “உங்களைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்றேன் பாட்டி” என்று நேராகச் சொல்லிவிட்டு, அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். ராத்திரி வேறு ஆள் வந்தால் போதும் என்பாரோ என்னவோ! “அக்கா அடிச்சாங்களா?” என்று மட்டும் கேட்கவே வேண்டாம், பதிலை நீங்களே ஊட்டியதாகிவிடும்.

இன்றைய பணி முடியுமுன் எழுதுங்கள்: தேதி, நேரம், எந்தக் கை, எத்தனை சென்டிமீட்டர், பாட்டி சொன்ன அதே வார்த்தைகள். “பயந்திருந்தார்” என்பது உங்கள் ஊகம். “கதவு திறந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்” என்றால் அது நீங்கள் கண்டது. நிறத்தை வைத்து எத்தனை நாள் கன்றல் என்று கணக்குப் போடாதீர்கள், டாக்டர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. சொந்த போனில் படம் எடுக்க வேண்டாம்.

குதிகாலையும் வால் எலும்புப் பகுதியையும் பாருங்கள். சிவந்த தோலை அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அழைப்பு மணி பாட்டியின் கைக்கு எட்டுகிறதா? எட்டாத மணியும் கொடுமைதான்.

அக்காவிடம் முன்கூட்டிப் பேசாதீர்கள், அந்த அழுத்தம் பாட்டி மேல்தான் இறங்கும். நல்லவர் இப்படிச் செய்வாரா என்று உங்களுக்குத் தோன்றலாம். உலக சுகாதார நிறுவனம் தொகுத்த ஆய்வுகளில், பராமரிப்பு நிலையப் பணியாளர்களில் 3 பேரில் 2 பேர், கடந்த ஓராண்டில் ஏதோ ஒருவகையில் முதியவர்களிடம் தவறாக நடந்ததாக அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆள் பற்றாத இரவுகளில் நல்ல கைகளும் முரடாகிவிடும்.

பொறுப்பாளரிடம் இன்றே எழுத்தில் கொடுங்கள். அவர் தட்டிக்கழித்தால் நிர்வாகம்; அங்கும் அசைவில்லை என்றால் இல்லங்களைக் கண்காணிக்கும் அரசுத் துறை. பாட்டிக்கு இன்றிரவே ஆபத்து என்று தோன்றினால் இந்த வரிசையெல்லாம் பார்க்காமல் போலீஸ்.