குள்ள சிக்லிட்களும் செடித் தொட்டியும்: கேள்வி பதில்

குள்ள சிக்லிட் என்பது தொட்டியில் வளர்க்கும் சின்ன சிக்லிட் மீன் வகை. அதில் ரேம், அபிஸ்டோ (அபிஸ்டோகிராமா) என்று எந்த மீனில் பேச்சைத் தொடங்கினாலும் முக்கால்வாசிக் கேள்விகள் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: "வாங்கிய மூன்றாம் வாரம் செத்துப்போச்சு, ஏன்?" அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு வந்த வரிசையில் பதில்.

கேள்வி: சார், 60 லிட்டர் தொட்டி. செடிக்கான மண் போட்டு, செடிகள் நட்டு, பத்து நாள் ஃபில்டர் ஓடவிட்டேன். பிறகு ஒரு ஜோடி நீல ரேம் விட்டேன். ஒரு வாரம் நன்றாக மேய்ந்தன. அப்புறம் உடம்பு கறுத்து, மூலையில் ஒதுங்கி, இரண்டும் போய்விட்டன. தண்ணீர் கண்ணாடி மாதிரி சுத்தமாகத்தான் இருந்தது.

பதில்: அந்தக் கண்ணாடிதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது. மீன் கழிவு, மிஞ்சிய தீனி, அழுகும் இலை எல்லாம் அமோனியாவாக மாறும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். இரண்டும் ஃபில்டர் பஞ்சில் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவும் அவற்றுக்குத் தீனியாக அமோனியா கிடைத்தால். செடிகளுக்கென்று விற்கும் ஊட்டமுள்ள மண்ணில் பல வகைகள் முதல் சில வாரங்களில் தாமாகவே அமோனியா விடும். ஆக, உங்கள் மீன்கள் போய் இறங்கியது மிக மோசமான நேரத்தில்.

ரேமுக்கு இது இரட்டை அடி. ஒரினோகோ ஆற்றுப் படுகையின் வெதுவெதுப்பான, உப்பு குறைந்த தண்ணீருக்குப் பழகிய இனம் அது. பண்ணையில் நெருக்கடியில் வளர்ந்து, பையில் பயணித்து, கடைத் தொட்டியில் பட்டினி கிடந்து களைத்துத்தான் உங்களிடம் வருகிறது. வேறு மீன் தாக்குப்பிடிக்கும் சின்னக் குறையை அது தாங்காது. என் முதல் மூன்று ஜோடிகளையும் நான் இப்படித்தான் கொன்றேன். ஒவ்வொரு முறையும் கடைக்காரரைத் திட்டினேன். நான்காவது ஜோடியை ஒரு வருடம் ஓடிய பழைய தொட்டியில் விட்டேன், முட்டையே இட்டது.

இன்று நான் சொல்லும் கணக்கு: தண்ணீரைச் சோதித்தால் அமோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்ட வேண்டும், செடிகள் புது இலை விட வேண்டும், அதன் பிறகு கூட்டமாக நீந்தும் சின்ன டெட்ரா மீன்கள். மூன்று மாதம் கழித்து ரேம்.

கேள்வி: அண்ணா, கல்லூரி மாணவன் நான். கப்பி, மோலி வளர்த்திருக்கிறேன். குள்ள சிக்லிட்டில் எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தம்பி, கடையில் கண்ணைப் பறிப்பது நீல ரேமாகத்தான் இருக்கும், ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள். முதலில் அபிஸ்டோகிராமா ககாட்டுவாய்டிஸ். முதுகுத் துடுப்பின் முன்பகுதி ககாட்டூ கிளியின் கொண்டை மாதிரி நிமிர்ந்து நிற்கும், பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆண் 7, 8 செ.மீ. வளரும், பெண் அதில் பாதி சொச்சம். தண்ணீர் விஷயத்தில் அடம் குறைவு. பொலிவியன் ரேமும் நல்ல தொடக்கம். நிறம் அடக்கமாக இருக்கும், ஆனால் சுபாவத்தில் நீல ரேமை விடச் சுவாரசியமான மீன் என்பது என் கட்சி. மேற்கு ஆப்பிரிக்காவின் கிரிபென்சிஸும் சரி, ஆனால் குஞ்சு வந்துவிட்டால் தொட்டி முழுக்கத் தனக்கே என்று சொல்லும்.

கேள்வி: 45 செ.மீ. கனசதுரத் தொட்டி, 90 லிட்டர் பிடிக்கும். இரண்டு ஆண் அபிஸ்டோ விடலாமா?

பதில்: கூடாது. குள்ள சிக்லிட்டுக்கு லிட்டர் கணக்கு போடாதீர்கள், தரையை அளங்கள். இவை தண்ணீரின் நடுவில் வாழும் மீன்கள் அல்ல. காய்ந்த இலைகளுக்கும் வேர்களுக்கும் நடுவே, அடிமட்டத்தில் வாழ்பவை. அவற்றுக்கு எல்லை என்றால் தரையில் போட்ட கோடு. உங்கள் தொட்டி உயரமாக இருப்பதில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், தோற்ற ஆண் ஓடி ஒளியத் தரையில் இடமில்லை. மேலே போய் ஹீட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும், இரண்டு வாரத்தில் செத்துப்போகும்.

60க்கு 30 செ.மீ. தரை இருந்தால் ஒரு ஜோடி. 90க்கு 45 என்றால் ஒரு ஆண், இரண்டு அல்லது மூன்று பெண்கள். அபிஸ்டோக்களில் பல இனங்களில் ஒரு ஆண் பல பெண்களின் எல்லைகளைச் சுற்றிக் காவல் வரும், ஆனால் பெண்களுக்குள் ஆகாது. எனவே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு குகை, கூடுதலாக ஒன்றிரண்டு. பாதித் தேங்காய்ச் சிரட்டை போதும், வாசல் பெண் மட்டும் நுழையும் அளவு. இதைவிட முக்கியம், ஒரு குகை வாசலிலிருந்து பார்த்தால் அடுத்த குகை தெரியக்கூடாது. நடுவில் மரவேர், கல், அடர்ந்த செடி. சண்டை பாதி குறைவது அங்கேதான்.

கேள்வி: அடியில் என்ன போடலாம், கறுப்புக் கல்லா வெள்ளைக் கல்லா?

பதில்: கல்லே வேண்டாம், மெல்லிய மணல். இந்த மீன்கள் மணலை வாய் நிறைய அள்ளி, இரையைச் சலித்துக்கொண்டு, செவுள் வழியாக மணலை விடும். கூரான கல்லைக் கொடுத்தால் அந்தப் பிழைப்பே போச்சு. ரேமின் அறிவியல் பெயரான மைக்ரோஜியோபேகஸ் என்பதற்கே 'சின்ன மண் தின்னி' என்றுதான் பொருள். செடிக்கு ஊட்டமண் வேண்டுமென்றால் பின்பாதியில் போட்டு, முன்னால் மணல் திடல் ஒன்று விடுங்கள்.

கேள்வி: ரேமுக்காக 29 டிகிரி வைத்தேன். தரை விரிக்கும் செடிகள் எல்லாம் கருகிப் போகின்றன.

பதில்: ரேமும் குளிர்விரும்பிச் செடியும் ஒரே தொட்டியில் ஒத்துப்போகாது. 28இல் நிறுத்திப் பாருங்கள், ரேமுக்கு அது போதும். செடியில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், அமேசான் வாள் செடி எல்லாம் இந்தச் சூட்டைத் தாங்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டின் கிழங்குத் தண்டையும் மண்ணில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். மரத்தில் நூலால் கட்டுங்கள். கிரிப்டோகோரைன் நட்ட சில நாளில் இலையெல்லாம் கூழாகும், பயந்து பிடுங்க வேண்டாம், வேர் உயிரோடு இருந்தால் மறுபடி வரும்.

மேலே சால்வினியா போன்ற மிதவைச் செடி மூன்றில் ஒரு பங்கு மூடியிருக்கட்டும். வெளிச்சம் குறைந்தால்தான் இந்த மீன்கள் துணிந்து வெளியே வரும். விளக்கு சுள்ளென்று அடிக்கும் தொட்டியில் அபிஸ்டோ வெளிறிப்போய் இருப்பதைப் பார்த்து, நிறம் கூட்டும் தீனி தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: காலையில் விளக்கு போடும்போது மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மதியத்துக்குள் சரியாகிவிடுகின்றன. செடிகளுக்காகக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருக்கிறேன்.

பதில்: ராத்திரியும் வாயு ஓடுகிறதா? அப்படித்தான் இருக்கும். இருட்டில் செடி அந்த வாயுவை எடுக்காது, அதுவும் மீனைப் போல ஆக்சிஜனைத்தான் இழுக்கும். இதோடு சூடு வேறு: 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மி.கி. அளவு ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 7.5 தான். விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயுவை நிறுத்தும்படி டைமர் போடுங்கள். ஃபில்டர் குழாயைத் தண்ணீரின் மேற்பரப்பு லேசாக அலையும்படி திருப்புங்கள். வாயு கொஞ்சம் வீணாகும், ஆகட்டும்.

கேள்வி: எங்கள் தண்ணீர் கடினமானது, பிஎச் 8. பிஎச் குறைக்கும் பொடி போட்டால் அடுத்த நாள் பழையபடி ஏறிவிடுகிறது. நாட்டு வாதுமை இலையும் போட்டுப் பார்த்தேன்.

பதில்: பொடியைக் கீழே வையுங்கள். உங்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டுகள் அமிலத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும், பிஎச் மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம் நிலையான 8ஐ விட மீனுக்குக் கெடுதல். வாதுமை இலை நல்லது, தண்ணீர் தேநீர் நிறமாகும், மீன் நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த இலையால் கடினத் தண்ணீர் மென்மையாகாது.

வளர்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் ககாட்டுவாய்டிஸ், கிரிபென்சிஸ் இந்தத் தண்ணீரிலேயே இருக்கும். ரேமோ, மென்மையான தண்ணீர் கேட்கும் அபிஸ்டோக்களோ முட்டை பொரிக்க வேண்டுமென்றால் ஆர்.ஓ. தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு கலந்து கொடுங்கள். கலவை விகிதத்தை எழுதிவைத்து, ஒவ்வொரு வாரமும் அதே விகிதத்தில் கால்பங்கு மாற்றுங்கள். வெறும் ஆர்.ஓ. மட்டும் ஊற்றினால் மீனுக்கும் செடிக்கும் தாது இல்லாமல் போகும்.

கேள்வி: அண்ணா, என் பெண் அபிஸ்டோ திடீரென்று எலுமிச்சை மஞ்சளாகிவிட்டது, உடம்பில் கறுப்புப் பொட்டு. தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஆணைத் துரத்தித் துரத்திக் கடிக்கிறது. நோயா?

பதில்: வாழ்த்துகள், வீட்டில் விசேஷம்! சிரட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு நொடிக்கு மேல் வேண்டாம். கூரையில் சிவந்த சின்ன முட்டைகள் ஒட்டியிருக்கும், பெண் தலைகீழாக நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். சுமார் மூன்று நாளில் பொரியும். அப்போது வருவது நீந்தாத, நெளியும் வால்கள். இன்னும் ஐந்து நாள் போனால் தாய் அவற்றை மேகம் மாதிரி கூட்டிக்கொண்டு வெளியே வரும். தாய் உடலைச் சட்டென்று அசைத்தால் மொத்தக் கூட்டமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்க நான் நாற்காலி போட்டு உட்கார்ந்ததில் எத்தனையோ இரவுச் சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது.

நீந்தும் அன்றைக்கே தீனி வேண்டும். அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணீரில் வாழும் நுண்ணிய இறால் வகை) சரியான அளவு. முட்டையிட்ட அன்றே உப்புத் தண்ணீரில் அதற்கான ஏற்பாட்டைச் சோதித்துவிடுங்கள், ஆர்ட்டீமியா பொரிய 24 முதல் 36 மணி நேரம் ஆகும். பாசியும் காய்ந்த இலையும் நிறைய உள்ள பழைய தொட்டியில் குஞ்சுகள் இடையிடையே தாமாகவும் மேயும். தொட்டி சின்னதாக இருந்தால் ஆணை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பெண் அதைக் கிழித்துவிடும். ரேமில் கதை வேறு: திறந்த கல்லில் முட்டை, அப்பா அம்மா இருவரும் காவல், ஆணைப் பிரிக்கக்கூடாது. முதல் இரண்டு மூன்று முறை முட்டையைத் தின்றுவிட்டால் மனம் தளர வேண்டாம், இளம் ஜோடிகள் அப்படித்தான் கற்றுக்கொள்ளும்.

கேள்வி: 40 குஞ்சு வளர்த்தேன். ஏறக்குறைய எல்லாமே ஆண்!

பதில்: தொட்டி எத்தனை டிகிரி? 29, 30 இருக்கும் என்று நினைக்கிறேன். அபிஸ்டோக்களில் பல இனங்களில் ஆணா பெண்ணா என்பதில் முதல் வாரங்களின் சூட்டுக்குப் பெரிய பங்குண்டு. 1996இல் ரோமர், பைசன்ஹெர்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது: சூடு கூடினால் ஆண்கள் கூடும். அடுத்த முறை குஞ்சுகளை 26 டிகிரி பக்கம் வளர்த்துப் பாருங்கள். கிரிபென்சிஸில் இதே வேலையை பிஎச் செய்கிறது, அமிலத் தண்ணீரில் ஆண்கள் அதிகம்.

கேள்வி: இறால் சேர்த்து வளர்க்கலாமா?

பதில்: பெரிய இறால் பிழைக்கலாம். குட்டி இறால் தீனி.

கேள்வி: வயிறு ஒட்டி, வெள்ளை நூல் போல மலம் தொங்குகிறது. தீனியைக் கவ்வித் துப்புகிறது.

பதில்: வெள்ளை நூல் என்றால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம், வெறும் பட்டினியாலும் வரும். ஆசனவாயில் சிவப்பு நூல் நுனிகள் எட்டிப்பார்க்கின்றனவா என்று கூர்ந்து பாருங்கள், அது காமலானஸ் புழு. இரண்டுக்கும் மருந்து வேறு: புழுவுக்கு லெவமிசோல், ஹெக்ஸாமிட்டா போன்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிக்கு மெட்ரோனிடசோல். எது என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் கிடைத்தால் அளவை அவரிடம் கேளுங்கள். நோயுள்ளதைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். இனிமேல் வாங்கும் எதையும் நான்கு வாரம் தனியே வைத்திருந்து பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: பலூன் ரேம்?

பதில்: முதுகெலும்பு குறுகிப் பிறந்ததை அழகென்று விற்கிறார்கள். நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: என் ஆண் ரேம் நேற்று இறந்தது. நோய் எதுவும் தெரியவில்லை, தண்ணீரும் சரியாக இருந்தது. வாங்கி ஒன்றே முக்கால் வருடம். என்ன தப்பு செய்தேன் சார்?

பதில்: தப்பு எதுவும் இல்லை. நீல ரேமின் ஆயுளே இரண்டு, மூன்று வருடம்தான். முழு நிறத்தோடு விற்பனைக்கு வரும்போதே அதற்குச் சில மாதங்கள், சில நேரம் ஒரு வருடம்கூட ஆகியிருக்கும். உங்கள் மீன் வயதாகித்தான் போயிருக்கிறது. அடுத்த முறை நிறம் முழுதாக வராத இளசுகளாக ஐந்தாறு வாங்கி ஒன்றாக வளருங்கள். ஜோடியை அவையே தேர்ந்தெடுக்கும், மற்றவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிடலாம். தனியாக இருக்கும் பெண்ணுக்கு உடனே துணை தேடிச் சேர்க்காதீர்கள். பிடிக்காத ஆணைப் பெண் விரட்டும், அல்லது ஆண் பெண்ணை விரட்டும். சில வாரம் டெட்ராக்களோடு இருக்கட்டும்.