தேடுபொறியில் கல்லூரி தேடும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

மகளின் கட்-ஆஃப் (பொறியியல் சேர்க்கைக்காக 200-க்குக் கணக்கிடும் மதிப்பெண்) 171 என்றும், ‘சிறந்த பொறியியல் கல்லூரி’ என்று தேடியபோது வந்த ஒரு பக்கத்தில் கைபேசி எண்ணைப் பதிந்த மறுநாளே முகவர் ஒருவர் அழைத்து, இடத்தை உறுதிசெய்ய முன்பணம் கேட்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பணத்தை இப்போது கட்ட வேண்டாம்.

நேரடிக் கலந்தாய்வு நடந்த காலத்தில், அதாவது 2018-க்கு முன்பு, தென்மாவட்டக் குடும்பங்கள் இரவு ரயிலேறிக் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு வருவார்கள். ஒரு கல்லூரியைப் பற்றி விசாரிக்க, ஊரில் விவரம் தெரிந்த ஆசிரியரோ அங்கே படித்த பிள்ளையோ இருந்தால்தான் உண்டு. இன்று அந்த விவரங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பதைக் கண்ணால் கண்டவன் என்பதால், தேடுபொறியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அது எதை வைத்து வரிசைப்படுத்துகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். 1998-இல் கூகுள் தொடங்கியபோது, ஒரு பக்கத்துக்கு வேறு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுத்துள்ளன, அவை எத்தகையவை என்பதே முக்கிய அளவுகோலாக இருந்தது. பின்னர் வேறு பல அளவுகோல்கள் சேர்ந்தன. ‘ஸ்பான்சர்டு’ என்று சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டவையோ கட்டண விளம்பரங்கள். உங்கள் மகளின் மதிப்பெண், இட ஒதுக்கீட்டுக்கான வகுப்புப் பிரிவு, உங்களால் கட்ட முடிந்த தொகை ஆகிய எதுவும் அந்த வரிசையில் கணக்கில் வருவதில்லை.

எனவே கேள்வியை மாற்றுங்கள். ‘சென்ற ஆண்டு இந்தக் கல்லூரியில், இந்தப் பாடப்பிரிவில், எங்கள் வகுப்புப் பிரிவுக்குக் கடைசியாக இடம் கிடைத்த கட்-ஆஃப் என்ன’ என்பதே நீங்கள் தேட வேண்டியது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பொறியியல் சேர்க்கை இணையதளத்திலேயே அந்த விவரம் கிடைக்கும். அரசுத் தளமென்றால் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியும் எனப் பலர் நினைக்கிறார்கள்; இந்தத் தளத்தின் முகவரியோ ‘ஓஆர்ஜி’ என்று முடிகிறது. ஆகவே முகவரியின் வாலை மட்டும் நம்பாமல், சேர்க்கை அறிவிப்பில் அச்சான முகவரியைப் பார்த்து, எழுத்துப் பிசகாமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

ஆண்டையும் பாருங்கள். ஒருமுறை ஒரு மாணவி இணையத்தில் கிடைத்த கட்-ஆஃப் பட்டியலை நோட்டில் அழகாக எழுதி எடுத்து வந்தாள். இருவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். தலைப்பில் நடப்பு ஆண்டு இருந்தது, கீழே அட்டவணைக்குள் 2019 என்றிருந்தது. அவளுடைய விருப்பப் பட்டியல் முழுவதையும் அன்று மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

அங்கீகாரத்திலும் இத்தகைய குழப்பம் உண்டு. ‘நாக்’ எனப்படும் தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழுவின் தரமதிப்பீடு கல்லூரி முழுமைக்கும் வழங்கப்படுவது; என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் தனித்தனிப் பாடப்பிரிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு வழங்கப்படுவது. மகள் கேட்கும் பாடப்பிரிவுக்கு அது உண்டா, காலாவதியாகவில்லையா என்பதை என்.பி.ஏ. இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் எடுத்து வாருங்கள். மகளையும் அவசியம் அழைத்து வாருங்கள். தேடலை அவளே செய்யட்டும், நாம் இருவரும் பக்கத்தில் அமர்ந்திருப்போம்.